சம்பா கோதுமை: உரலில் குத்தி, திருகையில் அரைத்து, ரொட்டியாகச் சுடும் முறை

சம்பா கோதுமை ரவையை அறியாத தமிழ் வீடு குறைவு; அந்த ரவை எந்த மணியிலிருந்து உடைபட்டு வருகிறது என்று கண்ணால் கண்டவர்கள் அதைவிடக் குறைவு. சாதாரணக் கோதுமையைக் களத்தில் அடித்தால் மணி உமியை விட்டுத் தனியே உதிர்ந்துவிடும். சம்பா கோதுமையை அடித்தால் கதிர்தான் துண்டு துண்டாக ஒடியுமே தவிர மணி வெளியே வராது. ஒவ்வொரு துண்டும் ஒரு சிறுகதிர். அதற்குள் இரண்டு மணிகள் முகத்தோடு முகம் பொருத்தியதுபோல், தடித்த உமிக்குள் இறுக்கமாக ஒடுங்கியிருக்கும். இந்த மணியை வீட்டில் ரொட்டியாக்க விரும்புகிறவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இந்த உமியைத்தான். உரலில் குத்துவதும் வெயிலில் காயவைப்பதும் அதற்காகவே. மாவைப் பிசையும் முறை வேறாக இருப்பதற்குக் காரணம் மணிக்குள் இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

தாவரவியலில் இது எம்மர் என்று உலகெங்கும் அறியப்படும் கோதுமை. மகாராஷ்டிரத்தில் கப்லி என்றும், வட கர்நாடகத்தில் ஜவே கோதி என்றும் வழங்குகிறது. சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் மனிதர் பயிரிடத் தொடங்கிய முதல் தானியங்களுள் இதுவும் ஒன்று. இதன் காட்டு மூதாதையை 1906-இல் ஆரோன் ஆரோன்சோன் என்னும் தாவரவியலாளர் கலிலேயா மலைப்பகுதியில் கண்டறிந்தார். எகிப்தில் பிரமிடு கட்டிய காலத்திலிருந்து கி.மு. 332-இல் அலெக்சாந்தர் அந்நாட்டைக் கைப்பற்றிய பின்னரும் சில காலம்வரை ரொட்டிக்கான முதன்மைத் தானியம் இதுவே. அதன் பிறகுதான் உமி எளிதில் உதிரும் கோதுமை அந்த இடத்தைப் பிடித்தது. குத்தும் வேலை மிச்சமாகிறது என்றால் யார்தான் மாற மாட்டார்கள்?

இந்தியாவில் இன்று விளையும் கோதுமையில் இதன் பங்கு மிகச் சிறியது. பெலகாவி, விஜயபுரா, பாகல்கோட் பக்கத்திலும், சாங்லி, சதாரா, கோலாப்பூர் பக்கத்திலும், குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலும், தமிழ்நாட்டில் நீலகிரி உள்ளிட்ட சில இடங்களிலும் மட்டும் தொடர்ந்து பயிராகிறது. பயிர்நோய் ஆய்வில் இதற்கொரு பெருமை உண்டு. தண்டுத் துருநோய்ப் பூஞ்சையின் வகைகளைப் பிரித்தறிய 1922-இல் அமெரிக்காவில் ஸ்டாக்மன், லெவின் என்னும் அறிஞர்கள் வகுத்த 12 கோதுமைகளின் தொகுதியில் கப்லியும் இடம்பெற்றது. துருநோயைத் தாங்கும் இதன் மரபணுக்களை உலகின் பல நாட்டுக் கோதுமைகள் கடன் வாங்கியிருக்கின்றன.

மணியைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் ‘சம்பா கோதுமை’ என்று ஒட்டியிருக்கும் எல்லாப் பொட்டலமும் சம்பா கோதுமை அன்று. உடைத்த ரவையாக வாங்கினால் உள்ளே இருப்பது எது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆகவே முழு மணியாகவே வாங்க வேண்டும். உண்மையான மணி நீண்டு, ஒடுங்கி, இரு முனையிலும் கூராக, செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். முதுகுப்பக்கம் சற்றே கூன் விழுந்திருக்கும். அதன் பெயரில் விற்கப்படும் பன்சி என்னும் வேறொரு கோதுமையோ பருத்து, தேன் கலந்த மஞ்சள் நிறத்தில் இருக்கும். இன்னொரு நல்ல அடையாளம், கையில் அள்ளிய ஒரு பிடி மணியில் உமி நீங்காத சிறுகதிர் ஒன்றிரண்டு தட்டுப்படுவது. அதைக் குறை என்று எண்ணி ஒதுக்க வேண்டாம்; அது பிறப்புச் சான்று.

உமியோடு கிடைத்தால் இன்னும் நல்லது. உமிக்குள் இருக்கும்வரை வண்டும் பூச்சியும் எளிதில் அண்டுவதில்லை, மணியும் நெடுநாள் கெடாமல் இருக்கும். விளைவிக்கும் உழவரிடம் நேரடியாகக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். கேட்கும்போது என்ன வகை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய நெட்டை வகைகள் காற்றுக்குச் சாயும் என்பதால், நீலகிரி வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையத்தில் உருவான எச்.டபிள்யூ. 1098, தார்வாட் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தின் டி.டி.கே. 1029, புனே அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்தின் எம்.ஏ.சி.எஸ். 2971 போன்ற குட்டை வகைகளே இப்போது அதிகம். எல்லாமே எம்மர்தான், சமையலில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. விலை சாதாரணக் கோதுமையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு இருக்கும்.

வாங்கும் முன் ஒரு செய்தி. ‘பழங்காலத் தானியம்’ என்ற சொல்லைக் கேட்டதும், பிசைந்த மாவைப் பிடித்து நிறுத்தும் புரதமான குளூட்டன் இதில் இல்லை என்று எண்ணிக்கொள்கிறவர்கள் உண்டு. அப்படிச் சொல்லி விற்பவர்களும் உண்டு. அது தவறு. இது கோதுமை, இதில் குளூட்டன் உண்டு. குளூட்டன் ஒவ்வாத குடல்நோயான சீலியாக் நோய் உள்ளவர்கள் இதை எந்த வடிவத்திலும் உண்ணக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களும் இதை மருந்தாகக் கருதாமல், மாவுச்சத்து உள்ள உணவாகவே கணக்கில் வைத்து அளவோடு உண்ண வேண்டும்.

உரலில் குத்துதல்

உமி நீக்கிய மணியாகவே வாங்கியவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம். ஆனால் ஒரு முறையேனும் ஒரு கிலோவைக் கையால் குத்திப் பாருங்கள் என்பது என் வேண்டுகோள். எகிப்தில் அமர்னா என்னும் இடத்தில், கி.மு. 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தொழிலாளர் குடியிருப்பில் கிடைத்த உரல்களையும் அரைகற்களையும் கொண்டு டெல்வென் சாமுவேல் என்னும் தொல்தாவரவியலாளர் இதையே செய்து பார்த்தார். உலர்ந்த சிறுகதிரைக் குத்தினால் மணி நொறுங்குகிறது, சிறிது நீர் தெளித்துக் குத்தினால் உமி மட்டும் கழன்றுகொள்கிறது என்பதே அவர் கண்டது. சாமையையும் வரகையும் குத்திப் பழகிய நம் ஊர்ப் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு கிலோ சிறுகதிருக்கு 80 முதல் 100 மில்லி தண்ணீர் போதும். ஒரே இடத்தில் ஊற்றாமல், கையால் தெளித்துத் தெளித்துப் பிசறி, ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் வையுங்கள். உமி நீரை உறிஞ்சித் துவளும்; மணிக்குள் ஈரம் அவ்வளவாக இறங்கியிருக்காது. இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்வதுதான் குத்துவதன் சூட்சுமம். மணிக்கணக்கில் ஊறவிட்டால் மணியும் மெத்தென்று ஆகி, உலக்கையின் அடியில் நசுங்கிவிடும்.

உரலில் பாதியளவு மட்டும் நிரப்புங்கள். உலக்கையின் பூண் இல்லாத மர முனையால் குத்த வேண்டும். உலக்கை கல்லின் அடியைத் தொடக் கூடாது. தானியத்துக்குள் இறங்கி, தானியத்தைத் தானியத்தோடு உரசவைத்து மேலெழ வேண்டும். உமியைக் கழற்றுவது உலக்கையின் எடையன்று, மணியும் மணியும் உரசும் உரசல். தொடக்கத்தில் ‘தொப் தொப்’ என்ற மந்தமான ஓசை எழும். ஐந்தாறு நிமிடத்தில் அது ‘சரக் சரக்’ என்று மாறும்போது, பாதிக்கு மேல் உமி கழன்றுவிட்டது என்று அறியலாம். தோள் வலிக்கத் தொடங்குவதும் ஏறத்தாழ அப்போதுதான். உரலுக்குள் தலையை விட்டபின் உலக்கைக்கு அஞ்சி என்ன பயன்?

குத்தியதை வெயிலில் ஒரு மணி நேரம் பரப்பி வைத்து, முறத்தில் இட்டுப் புடையுங்கள். உமி முன்னால் பறந்துவிடும். பிறகு முறத்தைப் பக்கவாட்டில் அசைத்துக் கொழித்தால் குத்துப்படாத சிறுகதிர்கள் ஒருபுறமாக ஒதுங்கும். அவற்றை மட்டும் மீண்டும் பிசறி உரலில் இடுங்கள். இரண்டு, மூன்று சுற்றில் வேலை முடிந்துவிடும். நான் கடைசியாகக் குத்தியபோது ஒரு கிலோ சிறுகதிரில் 720 கிராம் மணி தேறியது. எஞ்சியது உமியும் கொஞ்சம் நொய்யும். உமித்துண்டு ஒன்றுகூட மாவுக்குள் போகக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருங்கள். அது வேகாது, கரையாது; ரொட்டியைக் கடிக்கும்போது ஈறில் குத்தும்.

உரல் இல்லாதவர்கள் சாமை, தினைக்கு உமி நீக்கித் தரும் சிறுதானிய இயந்திரங்களில் கொடுத்துப் பார்க்கலாம். நெல் அரவை ஆலையில் கொடுத்தால் மணி ஒடிந்து பாதி குருணையாகத்தான் திரும்பி வரும்.

காயவைத்தல்

இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்றாலும், அந்த ஒரு வரியை மீறியதால் நான் பட்ட பாடு தனித்தலைப்பு கேட்கிறது. குத்திய மணியை ஒரு முழுநாள் நல்ல வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு, மறுநாள்தான் திருகையில் இட வேண்டும். முதன்முறை நான் மாலையிலேயே அவசரப்பட்டு அரைத்தேன். பத்து நிமிடத்தில் மேற்கல் நகர மறுத்தது. தூக்கிப் பார்த்தால், இரண்டு கல்லின் பொளிவுகளிலும், அதாவது உளியால் கொத்திய சிறு குழிகளிலும், மாவு பசைபோல் அப்பிக் கிடந்தது. பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் அதைச் சுரண்டி எடுக்க ஒன்றரை மணி நேரமாயிற்று. மணியைக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடியுங்கள். ‘டக்’கென்று கண்ணாடிபோல் உடைந்தால் அரைக்கலாம், அமுங்கினால் இன்னொரு வெயில் வேண்டும்.

திருகையில் அரைத்தல்

வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய திருகையை எடுக்கிறீர்கள் என்றால், முதலில் இரண்டு கற்களின் அரைக்கும் முகத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் அது உளுந்தை வேண்டுமானால் உடைக்கும், கோதுமையை மாவாக்காது. அம்மி கொத்துகிறவரிடம் கொடுத்து உளியால் பொளியச் சொல்ல வேண்டும். ‘அம்மி கொத்தலையோ’ என்ற குரல் தெருவில் கேட்பது அரிதாகிவிட்டாலும், வாரச்சந்தைகளில் கல் விற்பவர்களிடம் கேட்டால் ஆளைச் சொல்வார்கள். கொத்திய பின் மூன்று, நான்கு பிடி பச்சரிசியை அரைத்து, அந்த மாவைக் கொட்டிவிடுங்கள். கல்துகள் அதோடு போய்விடும். கடைசிப் பிடி மாவை நாக்கில் வைத்தால் நறநறப்பு இருக்கக் கூடாது.

தரையில் சுத்தமான வெள்ளைத் துணியை விரித்து, நடுவில் திருகையை வையுங்கள். நடுமுளை ஆடாமல் இருக்க வேண்டும். ஆடினால் ஒரு துணித்துண்டைச் சுற்றி இறுக்கலாம். வலக்கையால் சுற்றிக்கொண்டே, இடக்கையால் மேற்கல்லின் குழியில் மணியை இட வேண்டும். ஒரு முறைக்கு ஒரு சிறங்கைக்கு மேல் வேண்டாம். அதிகம் இட்டால் மேற்கல் எழும்பிக்கொண்டு, மணி உடைந்து ரவையாகவே வெளியே வரும். ஒன்றும் இடாமல் வெறுங்கல்லைச் சுற்றினாலோ, கல்லோடு கல் தேய்ந்து மாவில் கல்பொடி கலக்கும். காதுதான் இங்கே அளவுகோல்: ‘கரகர’ என்ற ஓசை ஒரே சீராக இருக்கும்வரை சரி, ஓசை கூர்மையாகிக் கீச்சிடும்போது அடுத்த சிறங்கையை இட வேண்டும்.

சம்பா கோதுமை மணி கெட்டி. ஆகவே முதல் சுற்றிலேயே மாவை எதிர்பார்க்காதீர்கள். முதல் சுற்றில் கிடைப்பது பெருரவை. அதை நடுத்தரச் சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை மீண்டும் இடுங்கள். இரண்டாம் சுற்றில் பாதி மாவாகும். மூன்றாம் சுற்றில் பெரும்பகுதி மாவாகிவிடும். இருவர் எதிரெதிரே அமர்ந்து ஒரே கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினால் அரைக் கிலோவுக்கு ஏறத்தாழ 50 நிமிடம். தனியாகச் செய்தால் அதைப்போல் ஒன்றரை மடங்கு. கடைசியில் மைதா சல்லடையில் ஒருமுறை சலித்து, பருத்த தவிட்டைத் தனியே எடுத்து வையுங்கள். அதைத் தூக்கி எறிய வேண்டாம், வேலை இருக்கிறது. 720 கிராம் மணியில் எனக்கு 500 கிராமுக்குச் சற்று மேல் மாவும், ஒன்றரைக் கைப்பிடித் தவிடும், மீதம் நுண்ரவையும் கிடைத்தன.

இவ்வளவு உழைப்பு எதற்கு என்று கேட்பீர்கள். எஃகு உருளைகளால் அரைக்கும் ஆலையில் தவிடும் முளையும் உரித்தெடுக்கப்பட்டு, வெண்மையான உள்பகுதி மட்டும் மாவாகிறது. கல்லில் அரைக்கும்போது முளையிலுள்ள எண்ணெய் மாவு முழுவதும் பரவிவிடுகிறது. கொட்டையை வறுத்ததுபோன்ற மணம் அதிலிருந்துதான் வருகிறது. அதே எண்ணெய்தான் மாவை விரைவில் கெடுப்பதும். நம் வெப்பத்தில் மூன்று வாரத்துக்கு மேல் வெளியே வைத்தால் காறல் வாடை அடிக்கும். எனவே வேண்டிய அளவு மட்டும் அரைப்பதும், மிஞ்சியதைக் காற்றுப் புகாத பாத்திரத்தில் குளிர்பெட்டியில் வைப்பதும் நல்லது.

மாவு மில்லில் அரைப்பதில் தவறில்லை. பெரும்பாலோருக்கு அதுதான் நடைமுறை. காலையில் கல் சூடேறும் முன், முதல் ஆளாகப் போங்கள். உங்களுக்கு முன் மிளகாயோ மல்லியோ அரைத்திருக்கக் கூடாது. கோதுமை அரைத்த பின் உங்களுடையதை இடச் சொல்லுங்கள். மாவு சூடாக வந்தால் உடனே டப்பாவில் அடைக்காமல், அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடுங்கள்.

மாவின் குணத்தை அறிதல்

ரொட்டிக்குப் போகும் முன் இந்தச் சிறு சோதனையைச் செய்துவிடுங்கள். 50 கிராம் சம்பா கோதுமை மாவில் 32 மில்லி தண்ணீர் ஊற்றி உருண்டையாக்குங்கள். பக்கத்திலேயே சாதாரண ஆட்டா மாவிலும் அப்படியே செய்யுங்கள். அரை மணி நேரம் கழித்து இரண்டையும் இழுத்துப் பாருங்கள். ஆட்டா உருண்டை ரப்பர்போல் நீண்டு, விட்டதும் கொஞ்சம் சுருங்கிக்கொள்ளும். சம்பா கோதுமை உருண்டை சொன்ன பேச்சுக் கேட்டு நீளும். ஆனால் திரும்பிச் சுருங்காது, சற்று இழுத்தாலே அறுந்துவிடும். தட்டில் வைத்தால் மெல்லப் படிந்து பரவும்.

காரணம் பரம்பரையில் இருக்கிறது. சம்பா கோதுமைக்கு 28 குரோமோசோம்கள். சப்பாத்திக்கும் பிரெட்டுக்கும் நாம் பயன்படுத்தும் கோதுமைக்கு 42. கூடுதலான அந்தப் 14-உம் ஒரு காட்டுப் புல்லோடு நேர்ந்த இயற்கைக் கலப்பில் வந்து சேர்ந்தவை. மாவுக்கு வில்போன்ற மீள்தன்மையைத் தரும் குளூட்டெனின் என்னும் வகைப் புரதங்கள் சில அவற்றோடுதான் வந்தன. சம்பா கோதுமையில் புரதம் குறைவன்று. குளூட்டனுக்குள் மாவை இளக்கி ஓடவிடும் கிளியாடின் என்னும் புரதம் மிகுந்து, பிடித்து நிறுத்தும் குளூட்டெனின் வலுவின்றி இருப்பதே அதன் இயல்பு. ஆகவே இதை எவ்வளவு பிசைந்தாலும் மைதா ரொட்டிபோல் எழும்பாது. பிசையப் பிசையப் பசையாகும்.

நான் முதலில் செய்த ரொட்டிக்கு மாவைப் 12 நிமிடம் பிசைந்து, இரண்டு மடங்கு ஆகும்வரை பொங்கவிட்டு, அச்சில்லாமல் உருட்டி ஓவனில் வைத்தேன். வெளியே வந்தது அடை. தடிமன் இரண்டு விரற்கடை இருந்தது. சுவை மட்டும் நன்றாக இருந்ததால் மனம் தேறினேன். எகிப்தின் கீசாவில் 1991-இல் தொல்லியலாளர் மார்க் லேனர் குழுவினர் அகழ்ந்த பிரமிடுக் காலத்து ரொட்டிக்கூடங்களில் மணிபோன்ற வடிவுடைய தடித்த மண் அச்சுகள் குவிந்து கிடந்ததைப் பற்றிப் பின்னால் படித்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. இந்த மாவுக்கு அச்சு வேண்டும். பணியாரக் குழியில் மாவை ஊற்றுகிற நாம் இதில் வியக்க ஒன்றுமில்லை.

புளிமாவு தயாரித்தல்

ரொட்டி மாவைப் பொங்கவைக்கச் சேர்க்கும் புளித்த மாவே புளிமாவு. ஒரு கண்ணாடிக் குவளையில் 50 கிராம் மாவும் 50 கிராம் தண்ணீரும் கலந்து, தளர்வாக மூடி வையுங்கள். தண்ணீர் குளோரின் வாடை இல்லாததாக இருக்கட்டும். மறுநாளிலிருந்து தினமும் அதில் 30 கிராமை மட்டும் வைத்துக்கொண்டு, 60 கிராம் மாவும் 60 கிராம் தண்ணீரும் சேர்த்து ஊட்டிவாருங்கள். இரண்டாம் நாளிலேயே நுரைத்துப் பொங்கி, துர்நாற்றம் வீசலாம். அது நாம் தேடும் நொதிப்பு அன்று. மூன்று, நான்காம் நாள் ஓய்ந்துபோனதுபோல் கிடக்கும். அப்போதுதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். தொடர்ந்தால் ஆறு, ஏழு நாளில் பழப்புளிப்பு மணம் வரும். ஊட்டிய நான்கைந்து மணி நேரத்தில் குவளையின் பக்கவாட்டில் குமிழ்கள் நிறையும். கோடையில் காலையும் மாலையும் ஊட்ட வேண்டியிருக்கும். சம்பா கோதுமைப் புளிமாவு உச்சியில் குவிந்து எழாது என்பதால், எவ்வளவு உயர்ந்தது என்று பார்க்காமல் பக்கவாட்டுக் குமிழையும் மணத்தையும் நம்புங்கள்.

தோசை மாவை ஊற்றினால் ஆகாதா என்ற ஆசை எல்லோருக்கும் வரும். தோசை மாவு பொங்குவதற்குப் பாக்டீரியா விடும் வாயு மட்டும் காரணமில்லை. அந்த வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் வழவழப்பு. அது இந்த மாவில் இல்லை.

ரொட்டி

ஒரு ரொட்டிக்கு: சலித்த சம்பா கோதுமை மாவு 500 கிராம், தண்ணீர் 370 கிராம், ஊட்டி நான்கைந்து மணி நேரமான புளிமாவு 75 கிராம், உப்பு 9 கிராம், நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. அச்சு ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் நீளமும் 11 சென்டிமீட்டர் அகலமும் இருக்கட்டும். தராசு இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். டம்ளர்க் கணக்கு இங்கே உதவாது.

மாவில் 330 கிராம் தண்ணீரை மட்டும் ஊற்றி, உலர்மாவு தெரியாத அளவுக்கு மரக்கரண்டியால் கலந்து, 30 நிமிடம் மூடிவையுங்கள். தவிடு நீரைக் குடிக்க இந்த அவகாசம் வேண்டும். பிறகு மீதித் தண்ணீரில் உப்பைக் கரைத்து, புளிமாவோடும் எண்ணெயோடும் சேர்த்துக் கலக்குங்கள். கலவை சப்பாத்தி மாவுபோல் இராது. வடை மாவுக்கும் பணியார மாவுக்கும் இடைப்பட்டதாக இருக்கும். அதைப் பார்த்துப் பதறி மாவு சேர்த்துவிடாதீர்கள். அரை மணி நேர இடைவெளியில் இரண்டு முறை, நனைத்த கையை ஓரத்தில் விட்டு மாவைத் தூக்கி நடுவில் மடித்துவிடுங்கள். இதற்கு மேல் கைபடத் தேவையில்லை.

வீட்டின் வெப்பம் 28 முதல் 30 டிகிரி இருந்தால், கலந்ததிலிருந்து இரண்டரை முதல் மூன்று மணி நேரத்தில் மாவு ஒன்றரை மடங்காகும். அங்கே நிறுத்துங்கள். இரண்டு மடங்காகட்டும் என்று காத்திருந்தால், வலுவற்ற குளூட்டன் புளிப்பில் மேலும் தளர்ந்து, ஓவனில் நடு குழிந்துவிடும். நான் கண்ட தோல்விகளில் பெரும்பாலானவை காத்திருந்ததால் வந்தவை. அவசரத்தால் வந்தவை குறைவு. சித்திரை வெயிலில் இந்த நேரம் இரண்டு மணிக்கும் கீழே இறங்கலாம் என்பதால், கடிகாரத்தைவிடப் பாத்திரத்தில் போட்ட அடையாளக் கோட்டைப் பாருங்கள்.

அச்சில் எண்ணெய் தடவி, எடுத்து வைத்த தவிட்டை உட்புறம் எங்கும் தூவுங்கள்; ரொட்டி ஒட்டாமல் கழல இதைவிட நல்ல வழி இல்லை. மாவை அச்சின் மூன்றில் இரண்டு பங்குவரை அள்ளி இட்டு, நனைத்த உள்ளங்கையால் மேற்பரப்பைத் தடவி, மீதித் தவிட்டையோ எள்ளையோ தூவி மூடிவையுங்கள். முக்கால் மணி முதல் ஒன்றேகால் மணி நேரத்தில் மாவு ஒரு விரற்கடை உயர்ந்து, மேலே குண்டூசி நுனிபோல் இரண்டு, மூன்று துளைகள் தெரியும். அதுதான் ஓவனுக்குப் போகும் தருணம். துளைகள் பத்து, இருபது ஆகிவிட்டால் பொழுது கடந்துவிட்டது.

ஓவனை 230 டிகிரி செல்சியஸில் முன்கூட்டியே 20 நிமிடம் சூடாக்கி, கீழ்த்தட்டில் ஒரு கிண்ணம் கொதிநீர் வையுங்கள். நீராவி இருந்தால் மேல்தோல் உடனே இறுகாது. 15 நிமிடம் கழித்து நீரை எடுத்துவிட்டு, வெப்பத்தை 200-க்குக் குறைத்து இன்னும் 35 முதல் 40 நிமிடம் சுடுங்கள். வெப்பமானி இருந்தால் நடுவில் 97 டிகிரி காட்ட வேண்டும். இல்லையென்றால் அச்சிலிருந்து கழற்றி அடியில் தட்டிப் பாருங்கள். வெற்றுப் பானையைத் தட்டிய ஓசை வரும்.

இனிதான் கடினமான கட்டம்: வெட்டாமல் இருப்பது. சூட்டோடு கத்தி வைத்தால் உள்ளே களிபோல் ஒட்டும். கம்பித் தட்டில் குறைந்தது ஆறு மணி நேரம் ஆறட்டும். மாலையில் சுட்டு மறுநாள் காலை வெட்டுவதே சிறப்பு. ஓட்டைகள் சிறியவையாக, நெருக்கமாக, செம்பழுப்பாக இருக்கும். நெய்யும் கொஞ்சம் கருப்பட்டிச் சீவலும் வைத்து உண்டு பாருங்கள்.

உள்ளே ஈரமாகவே இருந்தால் அடுத்தமுறை தண்ணீரை 20 கிராம் குறைத்து, பத்து நிமிடம் கூடுதலாகச் சுடுங்கள். மேல்தோல் நீளவாக்கில் வெடித்தால் சுடும் முன் அச்சில் இன்னும் 15 நிமிடம் பொங்கவிட்டிருக்கலாம். புளிப்பு மிகுந்தால் புளிமாவு முதிர்ந்துவிட்டது. ஒரு மணி நேரம் முந்தியே எடுங்கள்.

ஓவன் இல்லாதவர்களுக்கு

200 கிராம் மாவில் ஒரு சிட்டிகை உப்பும் 140 மில்லி கொதிநீரும் ஊற்றிக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் ஒன்றுசேர்த்து, 20 நிமிடம் மூடிவையுங்கள். கொதிநீரில் வெந்த மாவுச்சத்து, குளூட்டன் செய்யாத வேலையைச் செய்து மாவைப் பிடித்துக்கொள்ளும். ஈரத்துணியில் வைத்துக் கையால் தட்டி, காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் இருபுறமும் சுட்டெடுக்கலாம். மகாராஷ்டிரத்தில் பூரண் போளிக்குக் கப்லி மாவைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. இழுத்த இழுப்புக்கு வந்து, சுருங்காமல் நிற்கும் அந்த இளக்கம் போளிக்கு வரம்.

சல்லடையில் நின்ற நுண்ரவையைச் சிறிது நெய்யில் வறுத்து, ஐந்து மடங்கு தண்ணீரில் வேகவைத்தால் கஞ்சி. வெல்லமும் ஏலமும் சேர்த்தால் பாயசம். உமி நீக்கிய முழுமணியை ஓர் இரவு ஊறவைத்து, குழைய வேகவைத்து வெல்லம் சேர்த்தால் அது வட கர்நாடகத்தார் விசேஷங்களில் செய்யும் கோதி ஹுக்கிக்கு நெருங்கியது.

திருகையை எடுத்து வைக்கும்போது தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். பொளிவுகளில் தங்கிய மாவு ஈரம்பட்டால் பூஞ்சை பிடிக்கும். ஒரு பிடி பச்சரிசியை இட்டுச் சுற்றி, தென்னந்துடைப்பக் குச்சிகளால் துடைத்து, இரண்டு கற்களையும் தனித்தனியே அரை நாள் வெயிலில் சாய்த்து வைத்து, பிறகு துணியால் மூடிவையுங்கள். அந்தப் பச்சரிசி மாவில் கோதுமை மணம் ஏறியிருக்கும்; அன்றிரவு தோசைக்கு அதைக் கரைத்துக்கொள்ளலாம்.